உயர்விலைப் பொருளும் அதன் பெயரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. அல்போன்சாவை மட்டும் தனியாக எடுத்து, எங்கள் தோட்டத்தின் பெயர் அச்சிட்ட மூன்று கிலோ பெட்டியில் பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நேரடியாக அனுப்புகிறோம். மண்டி விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கிறது. இந்தப் பருவத்தில் வெளியே பளபளவென்று இருந்த பழத்தை அறுத்தால், கொட்டையைச் சுற்றி வெளிறிப் பஞ்சு மாதிரி இருக்கிறது என்று சிலர் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுவிட்டார்கள். விலையைக் குறைத்துச் சமாளிக்கலாமா?
– வாசகர், போச்சம்பள்ளி

பதில்: விலையில் கை வைக்காதீர்கள். பாதி விலைக்குக் கொடுத்தாலும் பஞ்சுப் பழம் இனிக்கப் போவதில்லை. இதுவரை முழு விலை கொடுத்தவர்களும் ‘நாம்தான் ஏமாந்தோமோ’ என்று யோசிக்கத் தொடங்குவார்கள்.

படத்தில் இருப்பது அல்போன்சாவில் அடிக்கடி வரும் உள்சதைக் கோளாறு. ‘ஸ்பாஞ்சி டிஷ்யூ’ என்பார்கள். பூச்சியாலோ பூஞ்சாணத்தாலோ வருவதில்லை, தோலில் எந்த அடையாளமும் காட்டாது. மரத்திலேயே அளவுக்கு மீறி முற்றவிட்ட காய்களிலும், பறித்தபின் சூடான தரையில் கிடந்த காய்களிலும் அதிகம் வரும். கொட்டை பழத்துக்குள்ளேயே முளைக்கத் தொடங்குவதோடு இதைத் தொடர்புபடுத்துகின்றன பெங்களூரு அருகே ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள். ஆகவே தீர்வு தோட்டத்திலும் தரம் பிரிக்கும் இடத்திலும்தான் இருக்கிறது.

காம்புப் பக்கத் தோள் உயர்ந்து, ஏறக்குறைய 85 சதவீதம் முற்றியதுமே பறித்துவிடுங்கள். மரத்தில் நிறம் ஏறட்டும் என்று காத்திருப்பதுதான் இங்கே பெரும்பாலும் நடக்கும் தவறு. வெயில் ஏறுமுன் பறித்து, ஒரு சென்டிமீட்டர் காம்பு விட்டு, பால் வடியும்வரை காம்பு கீழே பார்க்க நிழலில் வையுங்கள். காய் தரையைத் தொடவே கூடாது, பறித்த கையோடு கிரேட்டுக்குப் போக வேண்டும். மரத்தடியில் காய்ந்த இலை, புல் பரப்பி மூடாக்கு போட்டால் தரைச்சூடு மேலே அடிப்பது குறையும்.

அடுத்து இரண்டு தொட்டிகள். முதல் தொட்டியில் வெறும் தண்ணீர். இதில் மிதக்கும் காய் முற்றாதது, பழுத்தாலும் புளிக்கும். மூழ்கியவற்றை எடுத்து இரண்டாவது தொட்டியில் போடுங்கள். அதில் 100 லிட்டருக்கு இரண்டரை கிலோ உப்பு கரைத்திருக்க வேண்டும். இதிலும் அடியில் போய் உட்காருபவை மிகையாக முற்றியவை, பஞ்சாகும் வாய்ப்பு இவற்றில்தான் அதிகம். பெட்டிக்குப் போக வேண்டியவை தண்ணீரில் மூழ்கி உப்புநீரில் மிதப்பவை மட்டுமே. நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் போக உலர்த்திய பிறகே அடுக்குங்கள். உப்புநீரை அவ்வப்போது மாற்றாவிட்டால் அழுக்கும் பாலும் சேர்ந்து அளவு தவறிவிடும்.

இப்படிப் பிரித்தாலும் நூற்றுக்கு நூறு பிடிபடாது. எனவே தோட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண் கொடுங்கள். ஒவ்வொரு பகுதியின் முதல் பறிப்பிலும் பத்துக் காயைப் பழுக்கவைத்து அறுத்துப் பாருங்கள். இரண்டுக்கு மேல் பஞ்சாக இருந்தால் அந்தப் பகுதிக் காய் உங்கள் பெட்டிக்குள் போகக் கூடாது. மண்டிக்கோ மாங்கூழ் ஆலைக்கோ வெறும் கிரேட்டில் போகட்டும். ‘இரண்டாம் தரம்’ என்று எழுதி உங்கள் பெட்டியிலேயே விற்கும் ஆசை வரும். அங்கேதான் பல தோட்டங்கள் பெயரை இழந்தன. பெட்டி தெருவுக்கு வந்துவிட்டால் மேலே ஒட்டிய சீட்டை யார் படிக்கப் போகிறார்கள்?

பழுக்கவைப்பதற்குக் கார்பைடு கல்லுக்குச் சட்டப்படியே தடை. எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை அனுமதி உண்டு. 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஒரு நாள் கொடுத்து, கதவைத் திறந்து கரியமில வாயுவை வெளியேற்றினால் சீராகப் பழுக்கும்.

வாட்ஸ்அப் குழுவுக்கு இன்றே பதில் போடுங்கள், இப்படி: “அறுத்தால் மட்டுமே தெரியும் குறை இது. படம் அனுப்புங்கள், அந்தப் பழத்துக்கான தொகையைத் திருப்பித் தருகிறோம் அல்லது அடுத்த பெட்டியில் கூடுதலாக வைக்கிறோம். இனி வரும் காயை உப்புநீரில் பிரித்து அனுப்புகிறோம்.” பழத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள், வாக்குவாதம் வேண்டாம். யாருக்கு, எந்தத் தேதி, எந்தப் பகுதிக் காய் என்பதை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். பொய்ப் புகார் சொல்பவர் இரண்டாவது முறை வரும்போது நோட்டே காட்டிக்கொடுத்துவிடும். நிஜமான புகார்கள் ஒரே பகுதியில் குவிந்தால் அதுவும் தெரியும்.

பெட்டிக்குள் ஒரு சீட்டு வைப்பது பலன் தரும். பறித்த தேதி, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை சாப்பிடலாம், ‘பழுக்கும்வரை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்’ என்ற மூன்று வரி போதும். காயாகக் குளிரில் வைத்துக் கெடுத்தவர்களின் புகாரும் உங்கள் பெயரில்தான் வந்து சேர்கிறது.

கேள்வி: பெங்களூரு கடைக்காரர் ஒருவர், பெட்டியில் ‘ரத்னகிரி அல்போன்சா’ என்று போட்டால் கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூட்டித் தருகிறேன் என்கிறார். ரகம் ஒன்றுதானே, போடலாமா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: கூடாது. ரத்னகிரி, சிந்துதுர்க் உள்ளிட்ட கொங்கண் மாவட்டங்களின் அல்போன்சாவுக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கிருஷ்ணகிரிக் காயில் ரத்னகிரி பெயரைப் போடுவது, விளைந்த ஊரைப் பற்றிப் பொய் சொல்வது. பங்கனப்பள்ளிக்கும் 2017-இல் ஆந்திராவின் பெயரில் குறியீடு பதிவாகிவிட்டது. அந்தப் பழத்தை விற்கிறவர்களும் ஊர்ப்பெயரில் கவனமாக இருக்க வேண்டும்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துக் கணக்கு மட்டும் பார்த்தாலும் இது நஷ்டம். நாற்பது ரூபாய்க்காக நீங்கள் வளர்த்துக் கொடுப்பது அடுத்தவர் ஊரின் பெயரை. கடைக்காரர் அடுத்த வருடம் வேறு தோப்பில் வாங்கி அதே ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்வார். ‘கிருஷ்ணகிரி’ என்று தைரியமாகப் போடுங்கள். செந்தூரா, பீத்தர் மாம்பழங்களை ஊர்ப்பெயரோடு கேட்டு வாங்குகிறவர்கள் பெங்களூரிலேயே இருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழு கொட்டை, நார் நீக்கிய புளியை ‘தருமபுரி நாட்டுப் புளி’ என்ற பெயரில் அழகான டப்பாவில் விற்கிறது. இப்போது வேறொருவர் அதே பெயர், அதே பழுப்பு நிற லேபிளோடு பாதி விலைக்கு விற்கிறார். டிரேட்மார்க் வாங்கினால் அவரை நிறுத்த முடியுமா? எவ்வளவு செலவாகும்?
– வாசகி, பென்னாகரம்

பதில்: இந்தப் பெயரை வைத்துக்கொண்டு நிறுத்துவது கடினம். ஊர்ப்பெயர், ரகம், பொருள் மூன்றையும் சேர்த்தால் அது வர்ணனை ஆகிவிடுகிறது. தருமபுரியில் நாட்டுப் புளி விற்கும் எவரும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் (டிரேட்மார்க்) சட்டத்தின் 9-ஆவது பிரிவு இப்படிப்பட்ட சொற்களைப் பதிவு செய்வதைத் தடுக்கிறது. நீண்ட காலப் பயன்பாட்டால் அந்தப் பெயர் உங்களையே குறிக்கிறது என்று நிரூபித்தால் விதிவிலக்கு உண்டு. சிறு குழுவுக்கு அந்த வழி நீளமானது, செலவும் அதிகம்.

புதிதாக ஒரு பெயர் வையுங்கள். புளியையும் ஊரையும் சொல்லாத, உச்சரிக்க எளிதான சொல்லாக இருக்கட்டும். லேபிளில் அது பெரிதாகவும், அதன்கீழே ‘தருமபுரி நாட்டுப் புளி’ என்பது சிறியதாகவும் வரலாம். வாடிக்கையாளர் குழம்பாமல் இருக்க ஓர் ஆண்டாவது இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

விண்ணப்பம் டிஎம்-ஏ படிவத்தில், இணையவழியில் செய்யலாம். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் ஒரு வகுப்புக்கு (பொருள் வகைக்கு) 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சிறுதொழில் பதிவான உத்யம் சான்று இருந்தால்தான் சிறு நிறுவனக் கட்டணம் கிடைக்கும். பணம் கட்டுமுன் வணிகச் சின்னப் பதிவேட்டின் இணையத் தேடுதளத்தில் ஒலியால் ஒத்த பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்து வேறானாலும் காதுக்கு ஒன்றாகக் கேட்டால் ஆட்சேபணை வரும். வகுப்பும் முக்கியம். தேன், மாவு, மசாலா 30-இல் வரும், எண்ணெயும் மாங்கூழும் 29-இல், புதுப்பழம் 31-இல், பழரசம் 32-இல். புளியைப் பொறுத்தவரை மற்ற புளி நிறுவனங்கள் எங்கே பதிந்திருக்கின்றன என்று அதே தளத்தில் பார்த்து முடிவெடுங்கள். படத்தோடு சேர்ந்த சின்னத்தைவிட வெறும் சொல்லை முதலில் பதிவு செய்வது நல்லது. நாளைக்கு வடிவம் மாறினாலும் சொல்லுக்கான பாதுகாப்பு நிற்கும்.

பரிசோதகர் ஏற்றுக்கொண்டால் பெயர் வணிகச் சின்ன இதழில் வெளியாகும், அதிலிருந்து நான்கு மாதம் எவரும் எதிர்க்கலாம். எதிர்ப்பு இல்லையென்றால் பதிவு, விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டு. பிறகு பத்துப் பத்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். விண்ணப்பித்ததும் ‘டிஎம்’ போடலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தைப் பதிவுக்கு முன்பே போட்டால் அதுவே சட்ட மீறல். அச்சகத்துக்காரர் அழகுக்காகச் சேர்த்துவிடுவார், புரூஃப் பார்க்கும்போதே அடித்துவிடுங்கள்.

யார் பெயரில் விண்ணப்பம் என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். குழுத் தலைவியின் தனிப்பெயரில் போட்டுவிட்டு, பிரிந்தபிறகு பெயர் யாருக்கு என்று சண்டை வரும். உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் அதன் பெயரில் போடுங்கள்.

போட்டியாளரைப் பொறுத்தவரை, உங்களுக்கு இப்போது கைகொடுப்பது லேபிளின் தோற்றம். அதே நிறம், அதே அமைப்பு, அதே டப்பா என்றால் பதிவு இல்லாமலும் ‘பாசிங் ஆஃப்’ (தன் பொருளை அடுத்தவருடையதுபோல் காட்டி விற்பது) வழக்குப் போடலாம். அதற்கு நீங்கள்தான் முந்தியவர் என்று காட்ட வேண்டும். முதல் லேபிள் அடித்த அச்சக பில், பழைய விற்பனை ரசீது, தேதியுள்ள கண்காட்சிப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். முந்திப் பயன்படுத்தியவரின் உரிமையைச் சட்டம் மதிக்கிறது. அந்தக் கோப்பு இல்லாமல் வக்கீல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக அவரே உங்கள்மேல் வழக்குப் போட 142-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது.

கேள்வி: மரச்செக்கு நல்லெண்ணெய் தயாரிக்கிறோம். எங்கள் காலி பாட்டில்களைப் பழைய பொருள் கடையில் வாங்கி, வேறு எண்ணெய் நிரப்பி விற்கிறார்கள். ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டினால் தீருமா?
– வாசகர், தருமபுரி

பதில்: தீராது. சந்தையில் தயார்நிலையில் கிடைக்கும் ஹாலோகிராமை அவரும் வாங்குவார். வாடிக்கையாளர் மினுமினுப்பை மட்டுமே பார்க்கிறார், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதில்லை. எல்லா பாட்டிலிலும் ஒரே கியூஆர் குறியீட்டை அச்சிடுவதும் வீண். ஒன்றைப் படம் எடுத்து ஆயிரம் அடித்துவிடலாம்.

மூடியிலிருந்து தொடங்குங்கள். திறந்தால் வளையம் அறுந்து கழுத்திலேயே தங்கும் மூடி, அதன்கீழே சூட்டில் ஒட்டும் அலுமினியத் தாள். பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் திறக்காமல் நிரப்ப வழியில்லை. தாளின் லைனர் (அடியில் ஒட்டும் பூச்சு) பாட்டிலின் பிளாஸ்டிக்குக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாத லைனர் ஒட்டியதுபோலத் தெரிந்தாலும் லாரியில் குலுங்கியதும் கசியும். வாய்ப்பகுதியில் எண்ணெய் பட்டிருந்தாலும் ஒட்டாது, நிரப்பும் குழாய் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேபிளை உரித்தால் துண்டு துண்டாகக் கிழியும் தாளில் அடியுங்கள். கழுவினால் முழுசாகக் கழன்று வரும் லேபிள், நகல் எடுப்பவருக்குச் செய்யும் உதவி. ஆட்டிய தேதியும் தொகுதி எண்ணும் ஸ்டிக்கரில் இல்லாமல் பாட்டில் உடலிலேயே விழ வேண்டும். கியூஆர் வேண்டுமென்றால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் தனி எண், அது சுரண்டும் பூச்சுக்கு அடியில். இரண்டாவது முறை ஸ்கேன் ஆகும்போது ‘இது முன்பே சரிபார்க்கப்பட்டது’ என்று திரையில் வர வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட மலிவான வழி ஒன்று உண்டு. காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அடுத்த வாங்கலில் ஐந்து ரூபாய் தள்ளுபடி கொடுங்கள். பழைய பொருள் கடைக்காரர் கொடுப்பதைவிட அது கூடுதலாக இருந்தால் பாட்டில் உங்களிடமே வந்துவிடும். வந்ததை நசுக்கிவிடுங்கள்.

போலியைப் பிடிக்க, பில்லோடு இரண்டு பாட்டில் வாங்கி ஒன்றைத் திறக்காமலே வையுங்கள். வாங்குவதிலிருந்து பிரிப்பதுவரை வீடியோ எடுங்கள். கடைக்காரரிடம் சண்டை பிடிக்குமுன் அவர் யாரிடம் வாங்கினார் என்று பில்லைக் கேளுங்கள், பல நேரம் அவரும் ஏமாந்தவர்தான். கலப்படச் சந்தேகம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். வணிகச் சின்னம் பதிவாகியிருந்தால் போலீஸ் சோதனையும் பறிமுதலும் முடியும். ஆனால் டிஎஸ்பி அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரிதான் செய்ய முடியும், அதற்குமுன் வணிகச் சின்னப் பதிவாளரின் கருத்தையும் அவர் பெற வேண்டும். பெயரைப் பதிவு செய்யாமல் விட்டவர்களுக்கு இந்தக் கதவு மூடியே இருக்கும்.

கேள்வி: எங்கள் பொருளை 30 கடைகளுக்குக் கொடுக்கிறோம். ஒரு கடை மட்டும் 20 சதவீதம் தள்ளுபடியில் விற்பதால் மற்றவர்கள் கோபப்படுகிறார்கள். ‘இந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது’ என்று ஒப்பந்தம் போடலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். மறுவிற்பனை விலையைக் கட்டாயப்படுத்துவது போட்டிச் சட்டம் 2002-இன் 3(4) பிரிவின்கீழ் வருகிறது. டீலர்கள் தரும் தள்ளுபடிக்கு வரம்பு வைத்ததற்காக மாருதி சுசுகிக்கு 2021 ஆகஸ்ட்டில் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உங்கள் அளவு சந்தையையே பாதிக்கும் அளவு அல்ல என்று வாதாடலாம்தான். அந்த வாதத்துக்குப் போக வேண்டிய தேவையே இல்லாமல் செய்ய வழி இருக்கிறது.

அந்தக் கடைக்கு 20 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் உங்கள் பையிலிருந்துதான். மாதக் கடைசியில் இலக்கை எட்ட ‘பத்துப் பெட்டிக்கு இரண்டு இலவசம்’ என்று கொடுத்திருப்பீர்கள். அந்த இரண்டு பெட்டியைத்தான் அவர் தள்ளுபடியாக வெளியே விடுகிறார். அளவுக்கேற்ற இலவசத்தை நிறுத்தி, அதே தொகையைக் காட்சிக்கு வைக்கும் அலமாரி, சரியான நேரத்தில் பணம் கட்டியதற்கான கழிவு, கெட்டுப்போனதை மாற்றிக் கொடுத்தல் என்று மாற்றுங்கள். கடை ஒன்றுக்கு வாரத்துக்கு அவர் விற்கும் அளவுக்கே சரக்கு கொடுங்கள். தேங்கிய சரக்குதான் தள்ளுபடிக்கு ஓடும். யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறது. 30 கடையை 18 ஆக்கினால் விற்பனை முதல் இரண்டு மாதம் குறையும். அதைத் தாங்கும் கையிருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: கைத்தறிப் பட்டுக்கடை நடத்துகிறோம். ‘பட்டே இல்லை, பாலியஸ்டர்’ என்று யாரோ கூகுளில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார். அப்படி ஒரு வாடிக்கையாளர் எங்கள் பில் புத்தகத்திலேயே இல்லை. பதிலுக்கு உறவினர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போடலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: உறவினர் நட்சத்திரம் ஒரே வாரத்தில் குவிந்தால் படிக்கிறவருக்கே தெரிந்துவிடும். இணைய விமர்சனங்களுக்கு ஐஎஸ் 19000:2022 என்ற இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. போலி விமர்சனம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படியும் சிக்கல் கொண்டுவரும்.

பொய் என்று கூகுளுக்குப் புகார் கொடுங்கள், அது நீக்கப்படும்வரை காத்திருக்காமல் ஒரே ஒரு பதில் எழுதுங்கள்: “தங்கள் பில் எண்ணைத் தெரிவித்தால் புடவையை எங்கள் செலவில் பரிசோதிக்கிறோம். பட்டு இல்லையென்றால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்.” இது அவருக்காக எழுதுவதல்ல, அடுத்துப் படிக்கும் நூறு பேருக்காக. ‘போட்டியாளர் செய்த சதி’ என்ற வரியைச் சேர்க்காதீர்கள், உண்மையாகவே இருந்தாலும்.

கடையிலேயே சோதித்துக் காட்டுவது இன்னும் நல்லது. முந்தியிலிருந்து ஒரு இழையைப் பிரித்துக் கொளுத்தினால் பட்டு முடி கருகும் வாசனையோடு எரியும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். பாவில் பட்டும் ஊடையில் வேறு நூலும் கலந்த புடவைகள் உண்டு என்பதால் இரண்டு திசை இழையையும் தனித்தனியாகச் சோதியுங்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் இயங்கும் சில்க் மார்க் அமைப்பில் உறுப்பினரானால் எண்ணிட்ட லேபிள் ஒவ்வொரு புடவைக்கும் கிடைக்கும். அந்த லேபிள் பட்டுக்கு மட்டுமே சாட்சி. ஜரிகையில் எவ்வளவு வெள்ளி என்பதை நீங்கள் தனியாக எழுதிக்கொடுக்க வேண்டும். புகார் அதிகம் வருவதும் ஜரிகையில்தான்.

கேள்வி: சாமை, வரகு, கேழ்வரகு மாவு உயர்விலையில் நன்றாகப் போகிறது. அதே பெயரில் மலிவான பாக்கெட் ஒன்றும் போட்டால் விற்பனை கூடுமே?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: கூடும், ஒரு வருடத்துக்கு. பிறகு உயர்விலைக்கு வாங்கியவரே மலிவானதை எடுப்பார். ‘ஒரே ஆலைதானே’ என்ற அவர் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. பியர் கார்தான் என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளரின் பெயர் உரிமம் வழியாக நூற்றுக்கணக்கான பொருட்களில் ஏறிய பிறகு, உயர்தர உடைச் சந்தையில் அதன் மதிப்பு கரைந்தது வணிகப் பாடங்களில் இன்றும் சொல்லப்படுகிறது.

மலிவானது வேண்டுமென்றால் வேறு பெயர், வேறு நிறம், முடிந்தால் வேறு கடை. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டைட்டன், குறைந்த விலைக் கடிகாரத்துக்கு சொனாட்டா என்று தனிப்பெயர் வைத்துக்கொண்டது. அதே குழுமத்தின் தனிஷ்க் தொடக்கத்தில் 18 காரட் நகையோடு வந்து எடுபடாமல் 22 காரட்டுக்கு மாறியது. கடையிலேயே காரட் மீட்டர் வைத்து, மக்கள் ஏற்கெனவே அணிந்திருந்த நகையின் தூய்மையை எக்ஸ்-ரே முறையில் அளந்து காட்டியது. தன் பொருளைப் புகழ்வதைவிட, வாங்குகிறவர் கையில் அளவுகோலைக் கொடுத்தது அங்கே வேலை செய்தது. மாவில் அதற்கு இணையானது என்ன? எந்தக் கிராமத்துத் தானியம், அரைத்த தேதி, கல்லும் உமியும் நீக்கியபின் எத்தனை சதவீதம் தேறியது. இவற்றை பாக்கெட்டில் போட முடிந்தால் போடுங்கள். போட முடியாத நிலை இருந்தால் முதலில் சரிசெய்ய வேண்டியது அதுதான்.

கேள்வி: ‘ஆர்கானிக்’, ‘100% சுத்தம்’ என்று லேபிளில் போடலாமா? இன்ஸ்டாகிராமில் பிரபலமான ஒருவர் பணம் கேட்டு விளம்பரம் செய்கிறேன் என்கிறார்.
– வாசகர், அரூர்

பதில்: கடைகள் வழியாக விற்கும் பொருளில் ‘ஆர்கானிக்’ என்று போட என்பிஓபி (தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம்) அல்லது பிஜிஎஸ் (விவசாயிகள் குழுவாக ஒருவரையொருவர் சரிபார்க்கும் முறை) சான்று வேண்டும். என்பிஓபி சான்றுக்குக் கோவையில் தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை இருக்கிறது. ‘சுத்தம்’, ‘இயற்கை’, ‘ஒரிஜினல்’ போன்ற சொற்களுக்கு 2018-ஆம் ஆண்டு உணவு விளம்பர ஒழுங்குமுறையில் நிபந்தனை உண்டு. லேபிள் வாசகம் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு 2015 மேகி நூடுல்ஸ் விவகாரமே போதும். அதில், எம்எஸ்ஜி என்ற சுவையூட்டியைப் பற்றி ‘எம்எஸ்ஜி சேர்க்கப்படவில்லை’ என்ற வரியும் குற்றச்சாட்டாக நின்றது. பிரபலத்துக்குப் பணம் கொடுத்தால், பணம் வாங்கிய விளம்பரம் என்று அவர் பதிவில் தெளிவாகத் தெரிய வேண்டும். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். அவர் சொல்லப்போகும் வாசகத்தை நீங்களே எழுதிக்கொடுங்கள், ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும்’ என்று அவர் சொந்தமாகச் சேர்த்துவிடுவார்.

கேள்வி: கேழ்வரகு முறுக்கு, தட்டை செய்து பரிசுப் பெட்டியாக விற்கிறோம். ஒரு நாள் தயாரித்ததில் சிக்கு வாடை அடிக்கிறது என்று மூன்று புகார். அந்தச் சரக்கு எந்தெந்தக் கடைக்குப் போனது என்று ஓரளவுதான் தெரியும். சத்தமில்லாமல் மாற்றிக் கொடுப்பதா, வெளியே சொல்வதா?
– வாசகி, பர்கூர்

பதில்: வெளியே சொல்லுங்கள், ஆனால் வரிசையாக. முதலில் அந்தத் தேதிச் சரக்கையும் அதற்கு முந்தைய, பிந்தைய நாள் சரக்கையும் கிடங்கிலேயே நிறுத்துங்கள். ஒரே எண்ணெய் மூன்று நாள் ஓடியிருக்கலாம். கடைகளுக்கு முதலில் போன் செய்யுங்கள், பிறகு எழுத்தில் அனுப்புங்கள். ‘அலமாரியிலிருந்து எடுத்து ஓரமாக வையுங்கள், நாளை ஆள் வந்து எண்ணி எடுப்பார், முழுத் தொகை கழியும்.’ எந்தக் கடைக்குப் போனது என்று உறுதியாகத் தெரியாத நிலையில், போயிருக்கக்கூடிய எல்லாக் கடைக்கும் சொல்லத்தான் வேண்டும். பதிவேடு வைக்காததன் விலை இதுதான். சாப்பிட்டவர் உடல்நலம் பாதிக்கும் குறை என்றால் மாற்றிக் கொடுப்பதோடு விடக் கூடாது. உணவுத் திரும்பப்பெறுதல் ஒழுங்குமுறைப்படி அதிகாரிகளுக்கும் தகவல் போக வேண்டும்.

வாடிக்கையாளருக்கான அறிவிப்பில் நான்கு தகவல் இருந்தால் போதும்: எந்தத் தேதி, பெட்டியில் அந்த எண் எங்கே இருக்கும், என்ன குறை, பணம் எப்படித் திரும்பும். ‘எங்கள் முப்பது வருடப் பாரம்பரியம்’ என்று தொடங்காதீர்கள்.

கடைக்காரர் வெயிலில் வைத்துவிட்டார் என்று சொல்லத் தோன்றும். 2003-இல் மகாராஷ்டிராவில் கேட்பரி சாக்லேட்டில் புழு இருந்ததாகப் புகார் எழுந்தபோது அந்த நிறுவனமும் முதலில் கடைகளில் சேமிப்பு சரியில்லை என்றுதான் சொன்னது. அது எடுபடவில்லை. அடுத்த ஆண்டு சூட்டில் ஒட்டிய புதிய உறைக்கு மாறிய பிறகே நிலைமை திரும்பியது. மோசமான கடையிலும் தாங்கும்படி உறையை மாற்றுவது தயாரிப்பாளர் வேலையாகிவிட்டது.

காரணத்தை எண்ணெயில் தேடுங்கள். பொரித்த எண்ணெயில் போலார் சேர்மங்கள் (எண்ணெய் சிதைந்து உருவாகுபவை) 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. அளக்கும் கருவி வாங்க முடியாவிட்டால் சோதனைப் பட்டைகள் கிடைக்கின்றன. அடியில் தங்கும் மாவுத்தூள் கருகி எண்ணெயை வேகமாகக் கெடுக்கும், ஒவ்வொரு ஈடுக்குப் பிறகும் வடிகட்டுங்கள். பழைய எண்ணெயோடு புதியதைக் கலந்து ‘நிரப்பிக்கொண்டே’ போவது எல்லாவற்றையும்விட மோசம். சூடு ஆறாமல் பாக்கெட் போட்டால் உள்ளே ஈரம் படியும். ஒளி புகும் வெறும் பிளாஸ்டிக் உறையில் சிக்கு சீக்கிரம் வரும், அலுமினியப் பூச்சுள்ள உறையும் நைட்ரஜன் நிரப்பலும் இதைத் தள்ளிப்போடும்.

இனிமேல் ஒவ்வொரு நாள் தயாரிப்பிலும் மூன்று பெட்டியை எடுத்து, கடையில் இருப்பது போன்ற வெப்பத்திலேயே காலாவதித் தேதிவரை வைத்திருங்கள். மாதம் ஒரு முறை ஒன்றைப் பிரித்து முகர்ந்து, சுவைத்துப் பாருங்கள். தொகுதி எண், எண்ணெய் வாங்கிய பில், அன்று சரக்கு போன கடைகள் மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். திரும்பி வந்த பெட்டிகளை எண்ணி, படம் எடுத்து, உறையோடு சேர்த்து அழித்துவிடுங்கள். வேலையாட்களுக்குக் கொடுத்தால் ஒன்றிரண்டு மறுபடி கடைக்கே வந்து சேரும்.